மினமாட்டா சேற்றில் பிழைத்திருந்த பாக்டீரியா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி வந்தால் எங்கள் துறையில் புராஜெக்ட் காய்ச்சல் தொடங்கிவிடும். நுண்ணுயிரியல் முதுகலை மாணவர்கள் ஆளுக்கொரு தலைப்பை எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் வருடம் தவறாமல் ஒன்று இப்படி இருக்கும்: "கன உலோகங்களைத் தின்னும் பாக்டீரியா". போன முறை வந்த மாணவி தாளை நீட்டும்போதே கேட்டாள், "மேடம், இதை வளர்த்து நம்ம ஏரியில விட்டுட்டா ஏரி சுத்தமாயிடும் இல்ல?" ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கை அவளிடம் மட்டும் இல்லை. செய்தித்தாளில் படித்துவிட்டு உறவினர்கள் கேட்கிறார்கள், ஏரிக்காக உழைக்கும் நல்ல மனிதர்கள் கேட்கிறார்கள். அதனால் அவளை உட்காரவைத்து மினமாட்டாவில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அன்று சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஏன் மினமாட்டா என்றால், மாசுபட்ட நீர்நிலை என்று நாம் சொல்லும் பெரும்பாலான இடங்களில் யார் கொட்டினார்கள், எதைக் கொட்டினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. பத்து ஆலைகளின் கழிவு ஒரே கால்வாயில் வரும், அதோடு ஊர்ச் சாக்கடையும் சேரும். மினமாட்டாவில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரே ஆலை, ஒரே உலோகம், மூடிய வடிவில் ஆழமில்லாத ஒரு விரிகுடா. அங்கே இருந்த பாக்டீரியாவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் அதற்கான காரணத்தையும் சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்.

நடந்தது என்ன

ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தின் தென் கோடியில் இருக்கிற கடலோர ஊர் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் 1932-இல் அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. அசிட்டிலீன் வாயுவை அசிட்டால்டிஹைடாக மாற்றப் பாதரச சல்பேட்டை வினையூக்கியாகப் பயன்படுத்தினார்கள். அந்த வினை நடக்கும் கலத்துக்குள்ளேயே ஒரு பகுதிப் பாதரசம் பக்கவிளைவாக மெத்தில் பாதரசமாக, அதாவது கார்பனோடு பிணைந்த கரிமப் பாதரசமாக, மாறிவிடுகிறது. 1951-இல் உடன் சேர்க்கும் பொருளை மாற்றினார்கள், மாங்கனீசு டைஆக்சைடை நிறுத்திவிட்டு இரும்புச் சேர்மத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு மெத்தில் பாதரசம் உருவாவது இன்னும் கூடியது. கழிவு ஹியாக்கென் துறைமுகத்தின் வடிகால் வழியே விரிகுடாவுக்குள் போனது. வெளியேறிய மொத்தப் பாதரசம் 70 முதல் 150 டன் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அந்த வடிகால் வாயில் எடுத்த சேற்றில் 2,010 பிபிஎம் பாதரசம் இருந்தது, அதாவது ஒரு கிலோ சேற்றில் 2 கிராம். சேறு என்று சொல்வதைவிடத் தாது என்று சொல்லிவிடலாம்.

முதலில் பூனைகள். மீன் தின்ற பூனைகள் தள்ளாடின, சுற்றிச் சுற்றி ஓடின, கடலில் விழுந்து செத்தன. காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. அப்புறம் மனிதர்கள். 1956 ஏப்ரலில் நடக்க முடியாமல், பேச்சுக் குழறி, வலிப்போடு ஒரு ஐந்து வயதுச் சிறுமியைச் சிஸ்ஸோ ஆலையின் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள், சில நாட்களில் அவள் தங்கையையும். அந்த மருத்துவமனையின் தலைவர் ஹோசொகாவா ஹஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று மே 1-ஆம் தேதி சுகாதார மையத்துக்குத் தகவல் கொடுத்தார். அந்தத் தேதியைத்தான் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் வைத்திருக்கிறார்கள்.

குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு 1959 ஜூலையில் கரிமப் பாதரசம்தான் காரணம் என்று சொல்லிவிட்டது. அதே வருடம் ஹோசொகாவா ஆலைக் கழிவைத் தானே ஒரு பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார், 400-ஆம் எண் பூனை. அக்டோபரில் அதற்கு அதே நோய் வந்தது. நிறுவனம் அதை வெளியே சொல்லவிடவில்லை. டிசம்பரில் சுத்திகரிப்புக் கருவி ஒன்றைத் திறந்துவைத்து, அதிலிருந்து வந்த தண்ணீர் என்று சொல்லி நிறுவனத் தலைவர் ஒரு டம்ளர் குடித்தும் காட்டினார். அசிட்டால்டிஹைடு ஆலையின் கழிவு அந்தக் கருவி வழியாகப் போகவே இல்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. உற்பத்தி நின்றது 1968 மே மாதத்தில், அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பர் 26-இல். 1959-க்கும் 1968-க்கும் நடுவே ஒன்பது வருடம் அந்த வடிகால் ஓடியது. 2001 மார்ச் வரை அரசு நோயாளிகளாக அங்கீகரித்தவர்கள் 2,265 பேர். தாயிடம் அறிகுறியே பெரிதாக இல்லாமல், கருவில் இருந்த குழந்தை மட்டும் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்ததும் உண்டு, ஏனென்றால் மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்துபோகிறது. இந்த வரியை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பாக்டீரியாவுக்கு வருவதற்கு முன் ஒரு தவறான புரிதலைத் தீர்த்துவிட வேண்டும். நீரடிச் சேற்றில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும், அது உண்மை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஜென்சனும் யெர்னெலோவும் 1969-இல் காட்டினார்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் (ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டை வைத்துச் சுவாசிப்பவை) இதில் முக்கியமானவை என்பது 1980-களில் தெளிவானது. இதைச் செய்யும் ஒரு ஜோடி மரபணுக்களை 2013-இல் அடையாளம் கண்டார்கள். இதையெல்லாம் படித்தவர்கள் சிலர் மினமாட்டாவிலும் சேற்று பாக்டீரியாதான் விஷத்தை உண்டாக்கியது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. குமமோட்டோவின் இருக்கயாமா குழு 1960-களின் தொடக்கத்தில் ஆலையின் கசடிலிருந்தே மெத்தில் பாதரசத்தைப் பிரித்தெடுத்துவிட்டது. விஷம் தயார் நிலையில்தான் குழாயிலிருந்து வந்தது. ஆலை செய்த பாவத்தைப் பாக்டீரியாவின் தலையில் கட்டக் கூடாது.

சேற்றில் யார் பிழைத்திருந்தார்கள்

1978-இல் மினமாட்டா நோய்க்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையத்தை ஜப்பான் அரசு அந்த ஊரில் தொடங்கியது. அங்கே நகமுரா என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் விரிகுடாச் சேற்றிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, மாசுபடாத கடற்பகுதிச் சேற்றோடு ஒப்பிட்டார்கள். 1990-இல் வெளியான அவர்கள் கட்டுரையின் சாரம் இது: மினமாட்டாச் சேற்றில் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாவின் பங்கு தெளிவாகக் கூடுதல். அதில் பல, கரிமப் பாதரசச் சேர்மங்களையே உடைத்து ஆவியாக்கின. ஆலை நின்று இருபது வருடம் ஆன பின்னும் அந்தத் திறன் சேற்றில் இருந்தது.

ஆவியாக்கின என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

பாதரசம் ஒரு தனிமம். சர்க்கரையைப் போல, பெட்ரோலியத்தைப் போல உடைத்துக் கரியமில வாயுவும் நீருமாக ஆக்க முடியாது. ஒரு செல்லால் செய்ய முடிந்ததெல்லாம் அதன் வடிவத்தை மாற்றுவது, அல்லது இருக்கும் இடத்தை மாற்றுவது. மினமாட்டா பாக்டீரியா இரண்டையும் செய்கிறது. அதற்கான மரபணுக் கொத்துக்கு 'மெர்' என்று பெயர், பாதரசத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. வேலை நடக்கும் விதம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

பாதரச அயனிக்குக் கந்தகம் என்றால் உயிர். புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகம் இருக்கும், அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், நொதி முடங்கிப்போகும். ஆக, செல்லுக்குப் புத்தி இருந்தால் பாதரசத்தை உள்ளே விடாமல் கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். காட்மியம், கோபால்ட், நிக்கல் இவற்றை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கின்றன, உள்ளே வந்ததைப் பம்ப் வைத்து வெளியே இறைக்கின்றன. பாதரசத்தில் தலைகீழ். மெர் அமைப்பு பாதரசத்தை வலிய உள்ளே இழுக்கிறது. இரண்டு சவ்வுள்ள பாக்டீரியாக்களில் வெளிச் சவ்வுக்கும் உள் சவ்வுக்கும் இடையே மெர்-பி என்ற சின்னப் புரதம் தன் இரண்டு சிஸ்டீன்களால் அயனியைப் பிடிக்கிறது, உள் சவ்விலிருக்கும் மெர்-டி-யின் இரண்டு சிஸ்டீன்களுக்கு மாற்றுகிறது, அங்கிருந்து மெர்-ஏ என்ற நொதிக்கு. கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை இடுக்கியிலிருந்து இடுக்கிக்கு மாற்றுவார்களே, அதுபோல வழியில் வேறு எதையும் தொடவிடாமல் கைமாற்றிக் கொண்டுபோகிறார்கள். மெர்-ஏ அதற்கு இரண்டு எலக்ட்ரான் கொடுக்கிறது. இரட்டை நேர்மின்னூட்ட அயனி மின்னூட்டமில்லாத பாதரசமாகிறது, தெர்மாமீட்டருக்குள் இருக்கும் அதே பாதரசம். அது கந்தகத்தை அவ்வளவாகத் தேடாது, சவ்வு வழியாகத் தானே கசிந்து வெளியேறி, காற்றில் கலக்கிறது.

மெத்தில் பாதரசமாக இருந்தால் இதற்கு முன் இன்னொரு படி தேவை. அது மெர்-பி என்று ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்தால் எழுதப்படும் வேறொரு நொதியின் வேலை (தமிழில் இரண்டும் 'பி' ஆகிவிடுவதால் இதை 'வெட்டு நொதி' என்றே சொல்கிறேன்). கார்பனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை அது வெட்டுகிறது. ஒரு பக்கம் மீத்தேன் போகிறது, மறுபக்கம் பாதரச அயனி மெர்-ஏ-யிடம் போகிறது. வெட்டு நொதி இல்லாத பாக்டீரியாவால் சாதாரணப் பாதரச உப்பை மட்டும்தான் சமாளிக்க முடியும். மினமாட்டாச் சேற்றிலிருந்து எடுத்த பேசில்லஸ் மெகாட்டீரியம் எம்பி1 என்ற வகையில் வெட்டு நொதிக்கு மூன்று மரபணுக்கள் இருந்தன. ஒன்று போதாதா என்று தோன்றும். வெவ்வேறு வடிவக் கரிமப் பாதரசங்களை மூன்றும் வெவ்வேறு திறனோடு வெட்டுகின்றன.

இதெல்லாம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. மெர்-ஆர் என்ற காவல் புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும். பாதரசம் நானோமோலார் என்ற மிக நுண்ணிய அளவில் வந்தாலே உணர்ந்து, டிஎன்ஏ-வைச் சற்று முறுக்கி, மரபணுக்களைத் திறந்துவிடும். பாதரசம் தீர்ந்தால் மூடிக்கொள்ளும். நம் கருவிகள் பல லட்சம் ரூபாய்க்கு அளக்கிற அளவை ஒரு புரதம் உணர்கிறது!

எக்ஸ்-ரே பிலிமில் விழுந்த வட்டங்கள்

ஆவியாவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு, அதையும் நகமுராவும் நகஹராவும் 1988-இல் எளிமையாக்கினார்கள். சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் பாக்டீரியாவையும் பாதரசக் குளோரைடையும் சேர்த்து, இருட்டறையில் அதன்மேல் எக்ஸ்-ரே பிலிமைக் கவிழ்த்து மூடி வைக்க வேண்டும். எழுந்துவரும் பாதரச ஆவி பிலிமின் வெள்ளி உப்பைக் கறுப்பாக்கும். பிலிமைக் கழுவினால் எந்தக் குழியில் ஆவி எழுந்ததோ அதற்கு நேர்மேலே கரும்புள்ளி.

நாங்கள் இதைச் செய்தபோது, பட்டறைகளின் கழிவு சேரும் ஒரு ஓடையிலிருந்து எடுத்த சேற்றைத்தான் வைத்திருந்தோம். அது கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு இருந்தது, கையுறையில் பட்ட கறை சோப்புக்குப் போகவில்லை. எக்ஸ்-ரே பிலிம் இப்போது கடைகளில் சுலபத்தில் கிடைப்பதில்லை, தெரிந்த ஒரு ஸ்கேன் சென்டரில் பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினோம். முதல் முறை இருட்டறைக் கதவிடுக்கில் வெளிச்சம் புகுந்து மொத்த பிலிமும் சாம்பல் நிறமாகிவிட்டது. இரண்டாம் முறை கதவைக் கறுப்புத் துணியால் அடைத்து, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிவைத்துவிட்டுச் செய்தோம். டெவலப்பர் தொட்டியில் பிலிமை ஆட்டிக்கொண்டே இருக்கும்போது, சிவப்பு விளக்கில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு வட்டம் மெல்லக் கறுத்து வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மூன்றாவது வரிசையில் நான்கு. பாக்டீரியா போடாத குழிகளுக்கு மேல் ஒன்றுமே இல்லை. மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கறுப்பு வட்டம் ஒவ்வொன்றும் சேற்றிலிருந்து காற்றுக்குப் போன பாதரசம். (இதைப் புகைப்போக்கிக் கூண்டுக்குள், பயிற்சி உள்ளவர் மேற்பார்வையில் மட்டும்தான் செய்ய வேண்டும். வீட்டில் கூடவே கூடாது.)

ஒரே மரபணு, இரண்டு துறைமுகங்கள்

எம்பி1-இன் மெர் கொத்து, குரோமோசோமில் இருக்கும் ஒரு தாவும் மரபணுத் துண்டின்மேல் அமர்ந்திருக்கிறது. 1999-இல் அதை முழுதாக விவரித்தார்கள், சுமார் 14,500 எழுத்து நீளம். இதில் வியப்பு என்னவென்றால், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகச் சேற்றிலிருந்து 1980-களில் எடுத்த ஒரு பேசில்லஸின் மெர் மரபணுக்களும் இதுவும் கிட்டத்தட்ட அச்சு அசல் ஒன்று. ஒன்று ஜப்பானியக் கரை, மற்றொன்று அட்லாண்டிக் கரை. இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பரிணமித்திருந்தால் எழுத்துக்கு எழுத்து இப்படிப் பொருந்தாது. துண்டு பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவி உலகம் சுற்றியிருக்கிறது. எங்கெல்லாம் பாதரசம் கொட்டப்பட்டதோ அங்கெல்லாம் அது பிழைத்து நின்றிருக்கிறது. பேசில்லஸ் ஸ்போர்களாக மாறி வருடக்கணக்கில் உலர்ந்து கிடக்கும் என்பதும் பயணத்துக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் மினமாட்டா ஆலைதான் இந்த மரபணுவை உண்டாக்கியதா? இல்லை. சைபீரியாவின் நிரந்தர உறைநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த பாக்டீரியாக்களிலும் மெர் தாவும் துண்டுகளை ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எரிமலையும் வெந்நீர் ஊற்றும் ஆதிகாலந்தொட்டுப் பாதரசத்தைக் கக்கிக்கொண்டிருக்கின்றன, பாக்டீரியா அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது. அரிதாகக் கிடந்த அந்தத் திறனை ஆலை தேர்ந்தெடுத்துப் பெருக்கியது, அவ்வளவுதான். வயலில் ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சுமே, அதே கணக்கு.

இதோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இல்லை. அதே ஜப்பானில், 1950-களின் பிற்பகுதியில், வயிற்றுக்கடுப்பு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஷிகெல்லா கிருமியில் ஆர்100 என்ற பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்) கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசின், சல்போனமைடு, டெட்ராசைக்ளின், குளோரம்பெனிக்கால் நான்கும் அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை, எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாம் ஒரே பிளாஸ்மிட்டில். பிற்பாடு பார்த்தால் அதில் ஒரு தாவும் துண்டில், ஸ்ட்ரெப்டோமைசின், சல்போனமைடு எதிர்ப்புக்குப் பக்கத்திலேயே மெர் கொத்தும் உட்கார்ந்திருக்கிறது. மினமாட்டாச் சேற்றிலிருந்துதான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் பயணிக்கின்றன என்பது உறுதி. பாதரசம் இருக்கும் இடத்தில் அந்த வண்டி பிழைக்கும், அதில் ஏறியிருக்கும் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பும் சேர்ந்தே பிழைக்கும், அங்கே ஒரு மாத்திரைகூட விழாமல். பல் அடைக்கும் பாதரசக் கலவையைக் குரங்குகளுக்கு வைத்துப் பார்த்தபோது வாயிலும் குடலிலும் பாதரச எதிர்ப்பு பாக்டீரியாவோடு ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு பாக்டீரியாவும் கூடியதை ஆன் சம்மர்ஸ் குழு 1993-இல் காட்டியது. நம் வீடுகளில் முழங்கால் சிராய்ப்புக்குத் தடவிய சிவப்பு மருந்து ஞாபகம் இருக்கிறதா, மெர்குரோகுரோம்? அதுவும் ஒரு கரிமப் பாதரசம்தான்.

ஆகவே கழிவுநீர் ஓடையில் உலோக எதிர்ப்பு பாக்டீரியா கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தோஷப்பட மாட்டேன். அது இன்னும் எதையெல்லாம் எதிர்க்கிறது என்று ஆன்டிபயாட்டிக் தட்டு போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

சரி, அவ்வளவு பாக்டீரியா இருந்தும் விரிகுடா ஏன் சுத்தமாகவில்லை?

சேற்றிலிருக்கும் பாதரசத்தின் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகக் கிடக்கிறது, அல்லது கரிமப் பொருளோடு இறுகிக் கிடக்கிறது. மெர் அமைப்புக்கு நீரில் கரைந்த பாதரசம்தான் கைக்கு எட்டும். அதை ஆவியாக்கத் தேவையான எலக்ட்ரானுக்கும் செல் சக்தி செலவழிக்க வேண்டும், அதற்கு உணவும் பெரும்பாலும் ஆக்சிஜனும் வேண்டும், ஆழச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே ஆட்சி செய்வது முன்னே சொன்ன சல்பேட் ஒடுக்கிகள். மேலே ஒரு கூட்டம் மெத்தில் பாதரசத்தை வெட்டிக்கொண்டிருக்க, சில சென்டிமீட்டர் கீழே இன்னொரு கூட்டம் புதிதாகச் செய்துகொண்டிருக்கும். எது ஜெயிக்கும் என்பது அந்தந்த இடத்து ஆக்சிஜன், சல்பேட், வெப்பம் எல்லாம் சேர்ந்து முடிவாகிறது. அதோடு, ஒரு பாக்டீரியா தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் வேலை செய்யும். தன்னைச் சுற்றியுள்ள பாதரசம் தாங்கும் அளவுக்கு இறங்கியதும் மெர்-ஆர் மூடிக்கொள்கிறது. விரிகுடாவின் மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை.

மினமாட்டாவைக் கடைசியில் சுத்தம் செய்தது உறிஞ்சு குழாய்கள். 1977-இல் தொடங்கி 1990 வரை, 25 பிபிஎம்-க்கு மேல் பாதரசம் உள்ள சேறு முழுவதையும் கையாண்டார்கள், சுமார் 15 லட்சம் கன மீட்டர். சேற்றைக் கலக்கினால் விஷம் மறுபடி நீரில் பரவும் என்பதால் கலக்காமல் உறிஞ்சினார்கள். விரிகுடாவின் ஒரு பகுதியில் எஃகுத் தகடுகளால் அடைப்புக் கட்டி, அதற்குள் சேற்றைக் கொட்டி, விரிப்புப் போட்டு, மேலே மண் நிரப்பினார்கள். கடல் 58 ஹெக்டேர் நிலமானது. செலவு சுமார் 4,850 கோடி யென். விரிகுடா வாயில் மீன் தாண்டிப் போகாமல் இருக்க 1974-இல் கட்டிய வலையை 1997-இல்தான் எடுத்தார்கள். இன்று அந்த 58 ஹெக்டேர் ஒரு பூங்கா. கீழே பாதரசம் அப்படியே இருக்கிறது.

பாக்டீரியாவால் உருப்படியாக எதுவுமே ஆகாதா என்றால், ஆகும், இடம் வேறு. ஜெர்மனியின் இப்பன்பியூரனில் பாதரசம் பயன்படுத்திக் குளோரின் தயாரித்த ஓர் ஆலையில், ஐரீன் வாக்னர்-டோப்ளர் குழு 700 லிட்டர் தொட்டி ஒன்றை நிறுவியது. துளைகள் கொண்ட கற்துகள்கள்மேல், மரபணு மாற்றம் எதுவும் செய்யாத, இயற்கையில் கிடைத்த பாதரச எதிர்ப்பு பாக்டீரியாக்களைப் படரவிட்டார்கள். ஆலைக் கழிவின் அமிலத்தை முதலில் சமன்செய்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட் சாறும் கலந்து உள்ளே விட்டார்கள். கரைந்த பாதரசம் உள்ளேயே உலோகத் துளிகளாக மாறித் தொட்டிக்குள் தங்கிவிட்டது, ஆவி வெளியே போகவில்லை, பின்னால் ஒரு கரி வடிகட்டி வேறு. 2000-ஆம் ஆண்டு முடிவுகள் வெளியாயின, அமைப்பு நன்றாகவே வேலை செய்தது. மினமாட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கே கழிவு கடலைத் தொடுவதற்கு முன்பே, ஆலையின் மதிலுக்குள், மூடிய தொட்டியில் நடக்கிறது. உணவு கொடுக்கிறார்கள், அமில அளவைக் கவனிக்கிறார்கள், பிடித்த பாதரசத்தை எடுத்துவைக்கிறார்கள். திறந்த ஏரியில் இதில் ஒன்றுகூட நடக்காது.

நமக்கும் பாதரச அனுபவம் உண்டு. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தயாரித்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் அங்கிருந்த பாதரசக் கழிவில் சுமார் 290 டன்னை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உள்ளதை மட்டும் சுத்தம் செய்தால் போதுமா, இன்னும் கீழே போக வேண்டுமா என்று பல வருடம் வாதம் நடந்தது. சோலைக்காட்டை ஒட்டிய மண், மழை பெய்தால் சரிவில் இறங்கும் மண். அங்கேயும் மெர் மரபணு உள்ள பாக்டீரியா இருக்கும், தேடினால் கிடைக்கும், ஆனால் அது கிடைத்துவிட்டது என்பதற்காக ஒரு கைப்பிடி மண்ணைக்கூட அப்படியே விட்டுவிட முடியாது.

மாணவி தலைப்பைத் திருத்திக்கொண்டு வந்தாள். "தின்னும்" போய் "தாங்கும்" வந்திருந்தது. ஓடையில் பட்டறைகளுக்கு மேலே ஓர் இடம், கழிவு சேருமிடத்தில் ஓர் இடம், கீழே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம். மூன்றிலும் சாதாரணத் தட்டிலும் பாதரசத் தட்டிலும் ஒரே நாளில் ஊற்றி, நூற்றுக்கு எத்தனை பிழைக்கிறது என்று எண்ணுவது. பிழைத்ததற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் சோதனை. இது செய்ய முடிகிற வேலை. அந்த எண்கள் மேலிருந்து கீழாக எப்படி மாறுகின்றன என்பது, கழிவு எந்த இடத்தில் சேர்கிறது என்று கையில் பிடித்துக் காட்டும். நீரில் கலந்தது மழையில் அடித்துப்போன பின்னும் சேற்றின் பாக்டீரியா சாட்சி சொல்லும்.

கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது கேட்டாள், "மேடம், நம்ம பிலிம்ல விழுந்த அந்த ஆவி... அது எங்க போச்சு?" நான் அவளை ஆய்வகத்துக்கு வெளியே கூட்டிப்போய், புகைப்போக்கிக் கூண்டின் குழாய் சுவரோடு ஏறி மொட்டை மாடியில் திறந்திருப்பதைக் காட்டினேன். அதன் நுனியில் வடிகட்டி எதுவும் இல்லை. மாடியில் விடுதிப் பிள்ளைகளின் துணி காய்ந்துகொண்டிருந்தது. கரி வடிகட்டிக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தோம், அது வந்து மாட்டி முடியும்வரை பாதரசத் தட்டு ஒன்றுகூட ஊற்றவில்லை.